வெள்ளிக்கிழமை ஒரு நாள் இருக்கிறது

உப்பளம், புதுச்சேரி
ஆடி 3, ஞாயிற்றுக்கிழமை

மகள் கார்குழலிக்கு உன் அம்மா அஞ்சலாட்சி எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை எழிலரசனும் நன்றாக இருப்பதைப் போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதனால் நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. நேற்று போனில் நான் கத்தினேன், நீ அழுதாய், நான் பாதியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் நான் கத்துவேன், மறுபடியும் நீ அழுவாய், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாளைக்குக் கூரியரில் போட்டுவிடுகிறேன், புதன்கிழமை நீங்கள் பெங்களூர் திரும்பும்போது உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் இருக்கும். உட்கார்ந்து கடைசி வரை படி. பாதியில் கோபித்துக்கொண்டு மடித்து வைக்காதே, இந்த விஷயத்தில் கோபப்பட வேண்டியவள் நான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொள்வாய். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, ஆளுக்கொரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகூட வேலை பார்த்தீர்கள். பிரான்ஸுக்குக் குடிபோனால் அங்கே குளிராம், பனியாம், அதற்கு முன்னால் ஒரு வாரம் வெயிலும் கடலுமாக இருந்துவிட்டு வரலாம் என்று தோன்றியிருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம். போய்ட்டு வாங்கடி என்று நானே சொல்லியிருப்பேன். உன் அப்பாவையும் வாயை மூட வைத்திருப்பேன். நீ பொய் சொன்னாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதுவும் சின்னப் பொய்யா சொன்னாய்.

ஆனி மாதம் முழுக்க நீ என்னிடம் சொன்னது என்ன என்று யோசித்துப் பார். பதினஞ்சாம் தேதி வந்துடுவோம்மா, ஒரு வாரம் உங்ககூட இருந்துட்டு அங்கேர்ந்தே மெட்ராஸ் போய் ஏரோப்ளேன் ஏறிடுவோம் என்றாய். ஆடியில் யாராவது குடிபோவார்களா என்று கேட்டதற்கு, ஆபீஸ்காரன் ஆடி பாக்க மாட்டாம்மா என்று சிரித்தாய். சரி, அவன் பார்க்காவிட்டால் போகிறான், நான் பார்ப்பேன் அல்லவா. அதனால்தான் பரஸ்தானம் வைத்தேன். ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்து, உனக்கு ஒரு புடவை, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு மஞ்சள், எல்லாம் ஒரு துணிப்பையில் கட்டி, காலாப்பட்டில் உன் சித்தி ஹேமலதா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். நல்ல நேரத்தில் உங்கள் துணி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் நீங்களே கிளம்பிய மாதிரி. பிறகு ஆடியில் போனாலும் அஷ்டமியில் போனாலும் குற்றமில்லை. மெட்ராஸ் போகிற வழியில் சித்தி வீட்டில் இறங்கி அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். வரப்போகிற பிள்ளைதானே என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பையை வைத்தேன். திங்கட்கிழமை உன் போன் வந்தது. டிக்கெட்ட பெங்களூர்லேர்ந்து மாத்திட்டாங்கம்மா, கடைசி நாள் வரைக்கும் ஆபீஸ் போவணும், வீடு காலி பண்ணணும், சாமான் கட்டணும், வர முடியாது, நீங்களும் வராதீங்க, வீடே அலங்கோலமா கெடக்கு, உக்காரக்கூட எடமில்ல என்றாய். எவ்வளவு கோர்வையாகச் சொன்னாய். நான் நம்பினேன் குழலி. நம்பியது மட்டுமா, உனக்காகப் பரிதாபப்பட்டேன். பாவம், பிள்ளை ஒண்டியாகக் கிடந்து சாமான் கட்டுகிறதே, சாப்பிட்டாளோ என்னவோ என்று அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. புதன்கிழமை உன் அப்பாவிடம் சொன்னேன், அவளால் வர முடியாவிட்டால் என்ன, நாம் போய் நாலு நாள் இருந்து கட்டிக்கொடுத்துவிட்டு வருவோம் என்று. அவர் ஆட்டோவைப் பக்கத்து வீட்டுச் சந்தில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தார். நான் வேலை செய்கிற கெஸ்ட் ஹவுஸில் லீவு சொன்னேன். மறுநாள் ஆனி கடைசி நாள், வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது, பிறப்பதற்குள் அந்தப் பை உன் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு பறந்தது.

இங்கேதான் நாங்கள் செய்த கூத்தைக் கேள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பெங்களூருக்கு நேராகப் பஸ் இருக்கிறது. ஆனால் பரஸ்தானம் வைத்த பை கிளம்பிய ஊருக்குள் திரும்பி வரக்கூடாது. காலாப்பட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வந்து பஸ் ஏறினால் வைத்ததற்கே அர்த்தம் இல்லை. அதனால் விடிந்ததும் காலாப்பட்டு போய், பையை வாங்கி, ஈசிஆர் ரோட்டில் நின்று மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்து, மெட்ராஸ் போய், அங்கிருந்து பெங்களூர் பஸ் ஏறினோம். மேக்க போறதுக்கு எவனாச்சும் வடக்க போவானாடி என்று உன் அப்பா மரக்காணம் தாண்டும் வரை திட்டிக்கொண்டே வந்தார். பையைக் கீழே வைக்கக் கூடாது என்று வழியெல்லாம் என் மடியிலேயே வைத்திருந்தேன், கால் மரத்துப்போய்விட்டது. இன்னொரு பையில் உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு. முன்சீட்டு ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான். எனக்கு வெட்கமாகவே இல்லை, என் மகள் கடல் தாண்டிப் போகிறாள், இனி கருவாட்டுக்கு எங்கே போவாள் என்றுதான் இருந்தது.

ராத்திரி ஏழு மணிக்கு உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் போய் நின்றோம். வாட்ச்மேன் அம்மாவாசைதான் இருந்தார், திருவண்ணாமலைப் பக்கத்து ஆள் என்று நீதான் முன்னே சொல்லியிருக்கிறாய். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, சாரும் மேடமும் நேத்தே பாலி தீவுக்கு டூர் கெளம்பிட்டாங்களே, சாமான்லாம் போன வாரமே லாரில ஏத்திட்டாங்க, இனிமே பொதங்கெழமதான் வருவாங்க, உங்ககிட்ட சொல்லலியாம்மா என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, சொன்னாங்க சொன்னாங்க, நாங்கதான் தேதிய மறந்துட்டு வந்துட்டோம் என்றார். உன் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. மில் மூடியபோது எத்தனையோ பேர் எதை எதையோ சொல்லி வேலை வாங்கினார்கள், அவர் ஒரு பொய் சொல்லத் தெரியாமல் ஆட்டோ ஓட்டப் போனார். அந்த மனுஷன், மகளின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வாட்ச்மேனிடம் பல்லை இளித்துக்கொண்டு பொய் சொன்னார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அம்மாவாசைக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வாங்கிக்கொடுத்தார். அந்தப் பையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கொண்டுவரவும் கூடாது, யாரோ ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது. பரஸ்தானம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கி, தன் ரூமில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். இத உங்க பொண்ணு வந்துதாம்மா எறக்கணும், நான் பாத்துக்குறேன் என்றார். அவரிடம் பேசும்போது மரியாதையாகப் பேசு. கருவாட்டை அவருக்கே கொடுத்துவிட்டேன், உனக்குக் கிடையாது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ரிசப்ஷனில் இருக்கிற சுமலதா ஓடி வந்து, அக்கா, உங்க பொண்ணு ஃபோட்டோ போட்டிருக்கு, செம்மயா இருக்கு என்று போனை நீட்டினாள். பார்த்தேன். தென்னைமரம். கடல். ஒரு கோயில். பச்சை வயலுக்கு மேலே ஊஞ்சல் கட்டி நீ ஆடுகிறாய். ஏண்டி, தென்னைமரமும் கடலும் கோயிலும் வயலும் பார்க்கவா ஏரோப்ளேன் ஏறிப் போனாய். பாகூரில் இல்லாத வயலா, வீராம்பட்டினத்தில் இல்லாத கடலா. இன்னொரு படத்தில் நீச்சல் குளத்துத் தண்ணீரில் சாப்பாட்டுத் தட்டை மிதக்கவிட்டு இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் நின்று சாப்பிடுகிறீர்கள். சாப்பிடும்போது எழுந்து ஓடாதே என்று உன்னை எத்தனை அடி அடித்திருப்பேன், இப்போது தட்டே உன்னை விட்டு ஓடுகிறது. காதோரம் வெள்ளைப் பூ வேறு வைத்திருந்தாய். பூ சுற்றியது என்னவோ என் காதில். நல்லா இருக்கா என்று சுமலதாவிடம் சொல்லிவிட்டு, மடித்த துண்டையெல்லாம் உதறி மறுபடி மடித்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் பண்ணி நைசாகக் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கும் தெரியாதாம். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், ஒளிப்பானேன்.

நான் வேலை செய்கிற இடம் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பெங்களூரிலிருந்து கார் காராக வந்து இறங்குகிறார்கள். எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள், உங்களை மாதிரி ஆபீஸ்காரர்கள். இரண்டு நாள் கடற்கரையில் நடந்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் புதுச்சேரி வர நேரம் இருக்கிறது. அவர்கள் படுக்கை விரிப்பை நான் மாற்றுகிறேன், அவர்கள் தலைமுடியை வடிகாலிலிருந்து நான் எடுக்கிறேன். சில நேரம் பெங்களூரில் எந்த ஏரியாம்மா, என் பொண்ணும் அங்கதான் இருக்கா என்று கேட்பேன். இந்த வெள்ளிக்கிழமை வந்த பெண் அவளாகவே, உங்க பொண்ணு அடிக்கடி வருவாங்களா ஆன்ட்டி என்று கேட்டாள். வருவா வருவா என்றேன். உன் அப்பா ஒரு பொய், நான் ஒரு பொய். உன்னால் இந்த வயதில் கற்றுக்கொள்கிறோம்.

எதற்கு இவ்வளவு குதிக்கிறாள் என்று நீ நினைப்பாய். சொல்கிறேன். பக்கத்து வீட்டு செல்வாம்பாளை உனக்குத் தெரியும், புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இன்றைக்கும் அந்தப் பென்ஷனில்தான் இருக்கிறாள். அவள் மகன் பாரீஸ் பக்கம் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் லீவுக்கு வந்தான். மூன்றாம் வருஷம், இந்த வக்கான்ஸ்ல ஸ்பெயின் போறோம்மா, அடுத்த வக்கான்ஸ்ல கண்டிப்பா வர்றேன் என்றான். லீவைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அடுத்த லீவில் வேறு ஒரு கடற்கரை. பதினோரு வருஷமாக அவள் பேரப்பிள்ளைகளைப் போனில்தான் பார்க்கிறாள், அதுகளுக்குத் தமிழ் வராது, இவள் பொன்ழூர் பொன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு அதற்கு மேல் பேச்சில்லாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அவன் கெட்டவன் இல்லை குழலி. மாசாமாசம் கூப்பிடுகிறான், உடம்பு எப்படி என்று கேட்கிறான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா வீட்டுக்குப் பதிலாக ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்தான். அப்புறம் அது பழகிவிட்டது. நீ ஏரோப்ளேன் ஏறுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாய். எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று வருஷ வேலை என்கிறாய், அதற்குள் வர முடியுமா தெரியாது என்கிறாய், எனக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை. இப்போது பார்க்காமல் போனால் உன்னை நான் எப்போது பார்ப்பேன்.

நேற்று நீ கூப்பிட்டாயே, அதுவும் நாங்கள் வந்துபோனதை அம்மாவாசை மாப்பிள்ளைக்குச் சொன்ன பிறகு. நான் கேட்டது ஒரே கேள்வி, ஏண்டி பொய் சொன்ன. நீ அழுதுகொண்டே சொன்னாய், அங்க வந்து உன் மொகத்த பாத்துட்டா எனக்கு ஏரோப்ளேன் ஏற கால் வராதும்மா, ஒரு வாரம் பூரா நீ அழுவ, நான் அழுவேன், அதுக்குதான் பயந்துகிட்டு எங்கயாச்சும் போயிட்டு அப்படியே கெளம்பிடலாம்னு நெனச்சேன் என்று. இதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று எதிர்பார்த்தாயா. அதைக் கேட்டுத்தான் எனக்குத் தலைக்கேறிப் போனை வைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் உனக்குப் போக முடியாது என்றால், உன்னை இத்தனை தூரம் போக விட்டது எந்த முகம். பெங்களூரில் வேலை கிடைத்தபோது பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று உன் அப்பா நின்றார், அவரோடு மல்லுக்கட்டியது யார். எழிலரசனைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்னபோது ஆறு மாசம் அவர் உன்னோடு பேசவில்லை. அவர் திட்டியதைப் பாதியாகக் குறைத்து உன்னிடமும், நீ திட்டியதைப் பாதியாகக் குறைத்து அவரிடமும் சொல்லிச் சொல்லி இரண்டு பேரையும் ஒரு பந்தியில் உட்கார வைத்தது யார். பிரான்ஸ் என்று நீ சொன்னதும் முதல் ஆளாகச் சரி என்றது யார். சரி என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அது என் பாடு. வெளியே வந்து, அங்க குளிருக்கு என்ன போடுவ என்றுதான் உன்னைக் கேட்டேன். இப்படிப்பட்டவளைப் பார்த்து ஓடி ஒளிய உனக்கு எப்படி மனசு வந்தது.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேள். புதன்கிழமை நீங்கள் பெங்களூர் வருகிறீர்கள். சனிக்கிழமை ராத்திரி ஏரோப்ளேன். நடுவில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை விடியும்போது இங்கே இருக்கலாம், சாயங்காலம் ஏறினால் சனிக்கிழமை விடிகிறதற்குள் அங்கே இருக்கலாம். கெஸ்ட் ஹவுஸில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வேலை அதிகம், ஆனாலும் லீவு கேட்டுவிட்டேன், முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார். உன் அப்பாவுக்கு இன்னும் கோபம்தான், ஆனால் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருக்கிறார், பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். தனியாக வராதே, மாப்பிள்ளையையும் கூட்டி வா. ஆணியில் தொங்குகிற பரஸ்தானப் பையை மட்டும் இங்கே கொண்டுவராதே, சனிக்கிழமை ஏரோப்ளேனுக்குக் கிளம்பும்போது இறக்கி எடுத்துக்கொண்டு போ. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், பாதிக் கோபம் இருக்கிறது, சாப்பாடு போட்டுவிட்டு அதை அவரிடமே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் எந்த ஊரில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் துணையாக, வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல், குழந்தைகுட்டிகளோடு நூறு வயசு இருக்க வேண்டும். கோபத்தில் எழுதினாலும் இதை வாய் நிறையச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டையும் மற்ற காகிதங்களையும் வரும்போது அங்கே விட்டுவிட்டு வராதே, கையிலேயே வைத்துக்கொள், பஸ்ஸில் தூங்கும்போது பையை இடுப்பில் கட்டிக்கொள்.

வந்தால் நான் அழ மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து தர முடியாது. அழுவேன். நீயும் அழு. தெருவுக்கே கேட்கிற மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்து அழலாம், அதனால் ஒன்றும் ஆகிவிடாது. சாயங்காலமானதும் முகத்தைக் கழுவிவிட்டு நானே உன்னைப் பஸ்ஸில் ஏற்றுவேன். உனக்குக் கால் வரவில்லை என்றால் முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றுவேன். அந்தத் தெம்பு உன் அம்மாவுக்கு உண்டு என்று இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரியாமல் போயிற்றே குழலி, என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை விடியலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கப்போகிற
உன் அம்மா
ஜா. அஞ்சலாட்சி